ஓடைக் கற்களைப் புரட்டாதீர்கள்: புதிய தரைவண்டைத் தேடிப் போகிறவர்களுக்கு

உயர்மலை ஓடைக்கரையில் வாழும் தரைவண்டு இனம் ஒன்று புதிதாக விவரிக்கப்பட்டது என்ற செய்தி வெளிவந்தால் போதும், எங்களைப் போன்ற வகைப்பாட்டியலாளர்களுக்கு அடுத்த சில நாள்களில் என்னென்ன மின்னஞ்சல்கள் வரும் என்பதை இப்போதெல்லாம் திறக்காமலே சொல்லிவிடலாம். "அதே வண்டு எங்களுக்கும் கிடைத்தது" என்று ஒரு வரி இருக்கும். கூடவே மங்கலான கைபேசிப் படமும், மூடிய தண்ணீர் பாட்டிலுக்குள் கால் பரப்பிக் கிடக்கும் ஒரு கறுப்பு வண்டும் இருக்கும். அண்மையில் வந்த ஒரு படத்தில் என் கண் வண்டின்மீது நிற்கவில்லை. அதன் பின்னால், நீரோரம் நெடுகக் கற்கள் அத்தனையும் புரட்டப்பட்டு, ஈரமான அடிப்பக்கம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அனுப்பியவர் இயற்கையின்மீது உண்மையான அக்கறை கொண்டவர். அக்கறை உள்ளவர்களே இதைச் செய்கிறார்கள் என்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

புதிதாக விவரிக்கப்பட்ட, அதாவது முதன்முறையாக அறிவியல் பெயரிட்டு அடையாளம் எழுதப்பட்ட வண்டு நேற்றுப் பிறந்ததும் இல்லை, எங்கிருந்தோ வந்து குடியேறியதும் இல்லை. அது பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கேயே இருந்தது. அதை நெருங்கிய உறவினங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, தனி இனம் என்று காட்ட ஒருவருக்கு இப்போதுதான் வாய்த்தது. ஓர் இனத்தின் முதல் மாதிரி சேகரிக்கப்படுவதற்கும் அது முறைப்படி விவரிக்கப்படுவதற்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் கழிகின்றன என்று 2012ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவ்வளவு காலமும் அந்த மாதிரி ஏதோ ஓர் அருங்காட்சியகத்தின் இழுப்பறையில் ஊசி குத்தப்பட்டுக் காத்திருக்கும். ஆகவே செய்தி வந்த வாரமே ஓடிப்போய்ப் பார்த்தாக வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தாலும் அதுதானா என்று உங்களால் சொல்ல முடியாது. கராபிடே என்னும் தரைவண்டுக் குடும்பத்தில் விவரிக்கப்பட்ட இனங்கள் ஏறத்தாழ 40,000. ஓடைக்கரைகளில் மிகுதியாகக் காணப்படும் பெம்பிடியான் பேரினத்தில் மட்டுமே 1,200க்கும் மேற்பட்டவை உண்டு. ஒரே கல்லின் அடியில் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் இரண்டு மூன்று இனங்கள் சேர்ந்து இருப்பது சாதாரணம். கண்ணுக்கு மேலே நிற்கும் உணர்மயிர்கள், முன்மார்புத் தகட்டின் பின்மூலை, முதுகின் கோடுகளில் உள்ள குழிகள் ஆகியவற்றை நுண்ணோக்கியில் பார்த்த பிறகும் ஐயம் தீராமல், ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்து அதன் வடிவத்தை ஒப்பிட்டுத்தான் பல இனங்களை நாங்கள் முடிவு செய்கிறோம். (பெண் வண்டு மட்டும் கிடைத்தால் எங்கள் பாடும் திண்டாட்டம்தான்.) கைபேசிப் படத்தை வைத்துப் பேரினம்வரை சொன்னாலே பெரிது, "சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று மறுபடி மறுபடி எழுதுவதால் படத்தில் இல்லாதது தெரிந்துவிடாது.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது, கற்களைப் புரட்ட வேண்டாம் என்றதும் வரும் பதில்: "வண்டுக்குத்தான் சிறகு இருக்கிறதே, பறந்து பக்கத்து ஓடைக்குப் போய்விடாதா?" போகாது. தரைவண்டின் முதுகில் நீங்கள் பார்ப்பது பறக்கும் சிறகு இல்லை. அது உடலை மூடிக் காக்கும் கெட்டியான முன்சிறகு. பறக்க உதவுவது அதன் அடியில் மடிந்திருக்கும் மெல்லிய பின்சிறகு. உயர்மலையில் வாழும் பல தரைவண்டுகளில் இந்தப் பின்சிறகு குறுகி, நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு சிறு செதிலாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. சமவெளி ஆற்றங்கரை வண்டுகளில் பல நன்றாகப் பறக்கும் என்பதை மறுக்கவில்லை; அடிக்கடி வெள்ளம் வரும் இடத்தில் பறக்கத் தெரியாமல் பிழைக்க முடியாது. நிலைமை சீராக இருக்கும் குளிர்ந்த உயரங்களில் கதை வேறு. அங்கே வாழும் சிறகற்ற வண்டு கால்களால் நடந்துதான் போக வேண்டும். அதன் ஓடைக்கும் அடுத்த மலையின் ஓடைக்கும் இடையே உள்ள வெப்பமான பள்ளத்தாக்கு, அதற்குக் கடக்க முடியாத கடல். ஒவ்வொரு மலைத்தொகுதிக்கும் தனித்தனி இனங்கள் உருவானதற்கே இந்த முடக்கம்தான் முக்கியமான காரணம். போக்கிடம் இல்லாததால்தான் அது புதிய இனமாகவே ஆயிற்று. அதனிடம் போய் வேறிடம் பார்த்துக்கொள் என்றால் எங்கே போகும்?

மேலே நகரலாம் என்றால் அதற்கும் எல்லை உண்டு. கிழக்கு ஆல்ப்ஸில் வாழும் நெப்ரியா கெர்மாரி என்ற குளிர்விரும்பித் தரைவண்டு, வெப்பம் கூடக் கூடப் புல்வெளிகளை விட்டுப் பனியாற்றை ஒட்டிய கற்குவியல்களுக்குப் பின்வாங்கி வருவது பதிவாகியிருக்கிறது. சிகரத்துக்கு மேல் ஏற மலை கிடையாது.

ஒரு கல்லின் அடியில் என்ன இருக்கிறது என்பதையும் கொஞ்சம் பாருங்கள். பகலில் அந்த ஈர இடுக்கில் தட்டையாகப் பதுங்கியிருக்கும் நெப்ரியா பேரினத்து வண்டு, இரவில் வெளியே வந்து நீரோரத்திலும் பனித்திட்டின் விளிம்பிலும் நடந்து, காற்று கொண்டுவந்து போட்ட, குளிரில் விறைத்துக் கிடக்கும் பூச்சிகளைத் தின்கிறது. கல்லைத் தூக்கியதும் நீண்ட கால்களோடு ஓடித் தப்புவது வளர்ந்த வண்டு மட்டுமே. மண்ணில் சிறு அறை செய்து அதற்குள் வெளுத்த நிறத்தில் அசையாமல் கிடக்கும் கூட்டுப்புழுவால் ஓட முடியாது. புரட்டிய கல்லோடு அதன் அறையும் உடைந்துபோகும். உயரங்களில் பல தரைவண்டுகள் முட்டையிலிருந்து முதிர்ச்சி அடைய இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்கின்றன என்பதால், ஒரு பிற்பகலில் செய்த சேதத்தை அடுத்த கோடையே ஈடுகட்டிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

"நீங்கள் மட்டும் பிடித்துக் கொல்கிறீர்களே" என்று கேட்பீர்கள். கேட்கலாம். விலங்கியல் பெயரிடலுக்கான பன்னாட்டு விதிகளின்படி, 1999க்குப் பிறகு விவரிக்கப்படும் இனத்துக்குப் பெயர்தாங்கும் மாதிரி, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் மாதிரி எது, அது எந்தச் சேகரத்தில் வைக்கப்படும் என்று சொல்லியாக வேண்டும். அந்தச் சில மாதிரிகளை அனுமதி பெற்று எடுத்து, இடம், உயரம், நாள் எழுதிய சீட்டோடு யாரும் பின்னாளில் சரிபார்க்கும்படி வைக்கிறோம். உங்கள் தண்ணீர் பாட்டிலில் செத்த வண்டு யாருக்கும் பயன்படாது.

ஆகவே, தயவுசெய்து கேளுங்கள். தேட வேண்டாம். ஏதோ காரணத்தால் ஒரு கல்லைத் தூக்கிவிட்டால், முதலில் வண்டு விலக இடம் கொடுத்து, அந்தக் கல்லை அதே பள்ளத்தில், அதே பக்கம் கீழே இருக்கும்படி மெதுவாக வையுங்கள். படமெடுப்பதற்காகக் கல்லின்மேல் கல் அடுக்கிக் கோபுரம் கட்டுவதை அடியோடு விடுங்கள். அந்தக் கோபுரத்தின் ஒவ்வொரு கல்லும் யாரோ ஒருவருடைய கூரை. துல்லியமான இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். ஸ்லோவேனியக் குகைகளில் வாழும், 1937இல் விவரிக்கப்பட்ட கண்ணற்ற தரைவண்டு அனோஃப்தால்மஸ் ஹிட்லெரி, அந்தப் பெயர் ஒன்றுக்காகவே விலை கொடுத்து வாங்குவோரால் வேட்டையாடப்படுகிறது. இருக்கும் இடம் வெளியே தெரிந்த வண்டுக்கு இப்படியும் ஆபத்து வரும்.

இறந்த வண்டு ஒன்று தானாகக் கிடைத்து, அதை எடுக்க அங்கே அனுமதியும் இருந்தால், கிடைத்த இடத்தையும் நாளையும் பென்சிலால் எழுதிய சீட்டோடு அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாம். பஞ்சில் சுற்றவே சுற்றாதீர்கள். கால் நகங்கள் அதில் சிக்கி, நாங்கள் பிரித்தெடுப்பதற்குள் காலும் உணர்கொம்பும் தனித்தனியாகக் கழன்றுவிடுகின்றன. மெல்லிய காகிதம் போதும்.