கடலில்லாத சூலூரும் கப்பலில் இறங்கும் விமானமும்

இந்தியக் கடற்படையின் ஜெட் விமானப் பிரிவு கடற்கரையில் பிறக்கவில்லை. கோயம்புத்தூரை ஒட்டிய சூலூரில் பிறந்தது. 1950-களின் கடைசியில் வேம்பயர் பயிற்சி விமானங்களை வைத்துக்கொண்டு இங்கே ஒரு சிறிய ஜெட் பிரிவு தொடங்கியது. 1961 செப்டம்பர் 5-ம் தேதி அதுவே ஐ.என்.எஸ். ஹன்சா என்ற கடற்படை விமானதளமாக ஆனது. அதற்கு முன்பே, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைப் பழுது பார்க்கக் கோவையில் 'கருடா' என்ற பட்டறையை நடத்தியது. 1945-ல் சூலூரில் 'வைரி' என்ற தளத்தையும் அமைத்தது. இன்றும் கோவை ரெட்ஃபீல்ட்ஸில் ஐ.என்.எஸ். அக்ரணி இருக்கிறது, கடற்படை வீரர்களுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி தரும் இடம். நம் ஊரில் பலருக்கு அந்தச் சுற்றுச்சுவரைத் தெரியும், உள்ளே இருப்பது கடற்படை என்பது தெரியாது. இந்த வரலாறு நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

மிக அருகிலுள்ள கடலே 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும்போது, கப்பலில் இறங்க வேண்டிய விமானிக்குச் சூலூரில் என்ன வேலை? இதற்குப் பதில் வேண்டுமானால், கப்பல் மேல் ஒரு ஜெட் எப்படி நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பீளமேடு விமான நிலையத்தின் ஓடுதளம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளம். நம் முதல் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த், முனை முதல் முனை வரை அளந்தாலே சுமார் 213 மீட்டர்தான். அதிலும் விமானம் ஓடி நிற்கக் கிடைப்பது ஒரு பகுதி மட்டுமே. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: விமானம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, 60 மீட்டருக்குள் நிற்க வேண்டும். அப்படியானால் அது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் வேகம் குறைந்தாக வேண்டும். விமானத்தின் உடம்புக்கும் விமானியின் கழுத்துக்கும் அது கடுமையான இழுப்பு.

இங்கே முதலில் கைகொடுப்பது காற்று. விமானத்தைத் தாங்குவது இறக்கை மேல் ஓடும் காற்றின் வேகம்தான். தரை எவ்வளவு வேகமாகப் பின்னால் போகிறது என்பது இறக்கைக்குத் தெரியாது. அதனால் விமானம் இறங்கும் நேரத்தில் கப்பல் காற்றை எதிர்த்துத் திரும்பி, முடிந்த அளவு வேகமாக ஓடும். கப்பல் மணிக்கு 45 கிலோமீட்டர், எதிர்க்காற்று 15 கிலோமீட்டர் என்றால், தளத்தின் மேல் 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. விமானம் காற்றைப் பொறுத்தவரை 200-ல் பறந்தாலும், தளத்தைப் பொறுத்தவரை அதன் வேகம் வெறும் 140. வேகம் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லையே என்று தோன்றலாம். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 140-ஐயும் 200-ஐயும் வர்க்கம் எடுத்து வகுத்துப் பாருங்கள்: ஆற்றல் பாதியாகிவிடுகிறது! அதே 60 மீட்டரில் நிற்க இப்போது 1.3 மடங்கு போதும். மூன்று விநாடியில் எல்லாம் முடிந்துவிடும்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு எதிர்க்காற்றைப் பற்றிப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சுவரில் முட்டி, கிடைத்த இந்த வாசல் வழியே நெருக்கிக்கொண்டு உள்ளே வருகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அதனால்தான். சூலூர் ஓடுதளமும் தென்மேற்கு-வடகிழக்காகக் கிடக்கிறது, அதாவது ஆடிக் காற்றின் திசையை ஒட்டி. மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றை எதிர்த்து அங்கே இறங்கும் விமானத்துக்குத் தரையைப் பொறுத்த வேகம் அவ்வளவு குறைகிறது. கப்பல் ஓடி உண்டாக்கும் காற்றில் ஒரு பங்கை இந்தக் கணவாய் சும்மாவே கொடுத்துவிடுகிறது.

சரி, மீதி ஆற்றலை என்ன செய்வது? அதை விழுங்குவது தளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் எஃகு வடங்கள். விமானத்தின் வாலுக்கடியில் ஒரு நீண்ட கொக்கி தொங்கும். தளத்தைத் தொட்டதும் கொக்கி ஒரு வடத்தில் மாட்டும். வடத்தின் இரு முனையும் கப்பலின் அடித்தளத்துக்குப் போய், உருளைகளைச் சுற்றி, ஒரு பெரிய நீரியல் எந்திரத்தின் பிஸ்டனோடு சேர்கின்றன. விமானம் வடத்தை இழுக்க, பிஸ்டன் உள்ளே இருக்கும் திரவத்தை ஒரு சிறு துளை வழியே பிதுக்கித் தள்ள வேண்டியிருக்கிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் பாதி அடைத்துக்கொண்டு அழுத்திப் பார்த்தால் கையில் தெரியும் எதிர்ப்பு இதுதான்.

இதில் உள்ள பொறியியல் நுட்பம் அந்தத் துளையில் இருக்கிறது. துளை ஒரே அளவாக இருந்தால், விமானம் வேகமாக வரும் முதல் நொடியில் எதிர்ப்பு மிக அதிகமாகி வடமோ கொக்கியோ அறுந்துவிடும். வேகம் குறையக் குறைய எதிர்ப்பும் சரிந்து, விமானம் தளத்தின் கடைசி வரை ஓடிவிடும். அதனால் வடம் நீள நீளத் துளை தானாகச் சுருங்கும்படி வால்வை அமைத்தார்கள். வேகம் குறைகிறது, துளையும் சுருங்குகிறது, இழுவிசை தொடக்கம் முதல் கடைசி வரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. ஒவ்வொரு விமானம் வரும்போதும் அதன் எடையைக் கேட்டு வால்வைத் திருத்தி வைப்பதற்கென்றே ஆள் உண்டு. எடையைத் தப்பாக வைத்தால் ஆபத்து விமானிக்குத்தான். அவன் கையில் இல்லாத வேலை அது. மோட்டாரும் பம்பும் செய்து பிழைக்கிற நம் ஊர்ப் பட்டறைக்காரர்களுக்கு இந்த வால்வின் அருமை உடனே புரியும்.

வடம் மாட்டினால்தானே இதெல்லாம்? அதற்கு விமானி சில மீட்டர் பிசகாமல் தளத்தைத் தொட வேண்டும். சாதாரண விமானங்கள் 3 பாகை அளவு சரிவில் இறங்கி வந்து, கடைசியில் மூக்கைச் சற்றுத் தூக்கி, மெல்ல மிதந்து தரையைத் தொடும். மிதக்கும் அந்தத் தூரம் கப்பலில் கிடையாது. கடற்படை விமானி மூக்கைத் தூக்காமல் அதே சரிவில் வந்து 'தொப்'பென்று இறக்குகிறார். விநாடிக்கு 2 முதல் 3 மீட்டர் வேகத்தில் சக்கரம் மோதும். அதனால் கடற்படை விமானங்களின் கால்கள் தனி வலுவோடு செய்யப்படுகின்றன. 3 பாகைச் சரிவில் உயரம் ஒரு மீட்டர் கூடிவிட்டால், தொடும் இடம் 19 மீட்டர் முன்னால் தள்ளிப்போகும். எல்லா வடத்தையும் தாண்டிவிட அது போதும்.

அந்த ஒரு மீட்டரை விமானிக்கு எப்படிக் காட்டுவது? பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி நிக்கோலஸ் குட்ஹார்ட் 1951-ல் சொன்ன வழி கண்ணாடி. தளத்தின் ஓரத்தில் வளைந்த ஒரு கண்ணாடி. அதன் மேல் விளக்கொளி விழும்படி வைத்து, இரு பக்கமும் பச்சை விளக்குகளை வரிசையாக அமைத்தார்கள். சரியான சரிவில் வருகிற விமானிக்குக் கண்ணாடியில் தெரியும் ஒளிப்பொட்டு பச்சை வரிசையோடு நேராக நிற்கும். உயரம் கூடினால் பொட்டு மேலே ஏறும், குறைந்தால் கீழே இறங்கும். கப்பல் அலையில் ஆடினாலும் கண்ணாடி ஆடாமல் இருக்கக் கைரோஸ்கோப் என்ற சுழல் கருவி பார்த்துக்கொள்ளும். அலுவலகத்தில் உதட்டுச்சாயக் குப்பியையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் மேசையில் வைத்து, தன் செயலாளரை மேசையை நோக்கி நடக்கவிட்டு குட்ஹார்ட் இதை விளக்கிக் காட்டினார் என்று சொல்வார்கள். கப்பல் விமானவியலில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான், அவ்வளவு எளிமை.

இந்தக் கண்ணாடிக்குக் கடல் தேவையே இல்லை. ஓடுதளத்தின் ஓரத்தில் வைத்து, தரையில் கப்பல் தளத்தின் அளவுக்குக் கோடு போட்டுவிட்டால் போதும். விமானி சுற்றிச் சுற்றி வந்து அந்தக் கட்டத்துக்குள் இறங்கி, நிற்காமல் மறுபடி மேலே ஏறுவார். கண் பொட்டிலும் கை உந்துவிசையிலும் தானாக ஒன்றும்வரை இதேதான். கப்பலுக்குப் போகும் முன் தரையில் இப்படிப் பழகுவது எந்தக் கடற்படையிலும் கட்டாயம். இதற்குத் தேவை தெளிந்த வானமும் சமதளமும் நெரிசலில்லாத ஓடுதளமும். கொச்சியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும்போது, மலைக்கு இந்தப்புறம் மழை மறைவில் இருக்கும் கோவை வட்டாரத்தில் 700 மில்லிமீட்டரைத் தொட்டாலே நல்ல மழை. உழவர்களுக்கு வருத்தம் தரும் அந்த வறண்ட வானம் விமானிகளுக்கு வரமாக இருந்திருக்கும்.

இவ்வளவு பழகியும் கொக்கி சில நேரம் மாட்டாமல் போகும். பழைய நேர்த்தளக் கப்பல்களில் அப்படி நடந்தால், முன்னால் நிறுத்தியிருக்கும் மற்ற விமானங்கள் மேல் போய் மோத வேண்டியதுதான். அதே 1951-ல் டென்னிஸ் கேம்பெல் என்ற இன்னொரு பிரிட்டிஷ் அதிகாரி, இறங்கும் பாதையை மட்டும் இடப்பக்கமாகச் சில பாகை சாய்த்துவிடலாம் என்றார். சாய்ந்த பாதையின் முனையில் இருப்பது வெறும் கடல். அதனால்தான் விமானி தளத்தைத் தொட்ட கணம் உந்துவிசையைக் குறைக்காமல் முழுக்க ஏற்றுகிறார். மாட்டினால் வடம் நிறுத்தும், மாட்டாவிட்டால் அப்படியே பறந்துபோய் மறுபடி வரலாம். இறங்கும்போது எஞ்சினை முறுக்குவது நம் புத்திக்கு நேர்மாறாகத் தெரிகிறது, அதையும் தரையிலேயே உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மேலே ஏற்றிவிட விக்ராந்தில் நீராவியால் உந்தும் கேடபுல்ட் இருந்தது. பின்னாளைய இந்தியக் கப்பல்களில் அதற்குப் பதில் முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கிறது.

விக்ராந்தில் முதல் ஜெட் இறங்கியது 1961 மே 18. இறக்கியவர் லெப்டினன்ட் தஹிலியானி, பிற்காலத்தில் கடற்படைத் தலைமைத் தளபதியாக ஆனவர். அந்த ஆண்டு டிசம்பரில் கோவா இந்தியாவோடு சேர்ந்தது. அங்கே கடலோரத்திலேயே டபோலிம் விமான நிலையம் கிடைத்ததும், 1964-ல் ஹன்சா சூலூரை விட்டுப் போனது. தரையில் கப்பலைப் போலி செய்யும் வேலை இன்று கோவாவில் இன்னும் பெரிதாக நடக்கிறது. வளைந்த முனையும் தடுப்பு வடங்களும் கொண்ட பயிற்சித் தளத்தில், 2019 செப்டம்பரில் நம் நாட்டுப் போர் விமானமான தேஜஸின் கடற்படை வகை முதல்முறை வடம் மாட்டி நின்றது. 2020 ஜனவரி 11-ல் விக்ரமாதித்யா விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கியது.

தளத்தின் மேல் வீசும் காற்று எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1971 போர் காட்டியது. விக்ராந்தின் கொதிகலன் ஒன்றில் விரிசல். எஃகுப் பட்டைகளைச் சுற்றி இறுக்கிக் கட்டித்தான் கப்பலைக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். மணிக்கு 45 கிலோமீட்டர் ஓடக்கூடிய கப்பல் ஏறக்குறைய 30-ஐத் தாண்ட முடியாமல் போனது. நம் பழைய கணக்கில் போட்டால், வடத்தில் மாட்டும் வேகம் 140-லிருந்து 155 ஆகிறது, வடம் விழுங்க வேண்டிய ஆற்றல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. ஏறும்போதும் அதே 15 கிலோமீட்டர் குறைவு. அந்த நிலையில்தான் டிசம்பர் 4-ம் தேதி சீஹாக் ஜெட் விமானங்கள் விக்ராந்திலிருந்து கிளம்பி, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின.