பயண முகவர்களே, அடுத்த நெருக்கடிக்கு முன் உங்கள் பதிவுகளைச் சரிபாருங்கள்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் விமானச் சீட்டு விற்கும் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். கொவிட் காலத்தில் பயண முகவர்களுக்கு அரசாங்க உதவி நிறையவே கிடைத்தது. ஆனால் அது உரிமத்தையும், ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதிப் பதிவையும் பார்த்துத்தான் வந்தது. பதிவு சரியில்லாதவர்கள், எத்தனை வருடம் கடை நடத்தியிருந்தாலும், குறைவாகத்தான் பெற்றார்கள்.

2019இல் சிங்கப்பூருக்கு வந்தவர்கள் 1 கோடியே 91 லட்சம் பேர், 2020இல் சுமார் 27 லட்சம்தான். 2020 மார்ச் 26இல் அறிவித்த மீள்திறன் வரவுசெலவுத் திட்டத்தில், தகுதிபெற்ற பயண முகவர்களின் உள்ளூர் ஊழியர் ஒவ்வொருவருக்கும் மாதச் சம்பளத்தின் முதல் 4,600 வெள்ளியில் 75 விழுக்காட்டை வேலை ஆதரவுத் திட்டம் ஏற்றது. விண்ணப்பம் போட வேண்டியதில்லை, சேம நிதிப் பதிவை வைத்து உள்நாட்டு வருவாய் ஆணையமே கணக்கிட்டுப் பணம் போட்டது. இங்கேதான் பலருக்கு அடி விழுந்தது. ஊழியருக்கு 3,000 வெள்ளி சம்பளம், ஆனால் முதலாளி 1,800க்கு மட்டும் சேம நிதி கட்டிவிட்டு மீதியைக் கையில் கொடுக்கிறார் என்று வையுங்கள். அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், 2,250 வெள்ளி வரவேண்டிய இடத்தில் 1,350 தான் வரும். ஒரே ஊழியருக்கு மாதம் 900 வெள்ளி போச்சு!

தனியுரிமை வணிகமாக, அதாவது நிறுவனமாகப் பதியாமல் ஒருவரே உரிமையாளராகக் கடை வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். முதலாளி தனக்கென எடுக்கும் பணம் சம்பளக் கணக்கில் வராது. அவர்களுக்கு இருந்தது சுயதொழில் செய்வோருக்கான வருமான நிவாரணம்: மாதம் 1,000 வெள்ளி வீதம் 9 மாதம், 3 தவணையாக. அதற்கும் வருமான வரியில் என்ன காட்டியிருக்கிறீர்கள் என்றுதான் பார்த்தார்கள்.

அப்புறம் கடன். தற்காலிக இடைக்காலக் கடன் திட்டத்தில் 50 லட்சம் வெள்ளி வரை வாங்கலாம், வட்டி ஆண்டுக்கு 5 விழுக்காட்டைத் தாண்டாது, இழப்பில் 90 விழுக்காட்டை அரசாங்கம் ஏற்கும் என்று வந்ததும், நாம் 10 விழுக்காடு திருப்பிக் கட்டினால் போதும் என்று சிலர் நினைத்துவிட்டார்கள். தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த 90 விழுக்காடு வங்கிக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான ஏற்பாடு. வாங்கியவர் முழுக்கடனையும் கட்டித்தான் ஆகவேண்டும், சீட்டு விற்பனை திரும்பியிருந்தாலும் சரி, திரும்பாவிட்டாலும் சரி.

என் மனத்தில் உறுத்தும் குறையையும் சொல்கிறேன். சிங்கப்பூரர்களுக்குக் கொடுத்த 100 வெள்ளி பற்றுச்சீட்டு உள்ளூர் ஹோட்டலுக்கும் சுற்றுலாவுக்கும்தான் செல்லும், சென்னைக்கும் திருச்சிக்கும் சீட்டு விற்று வாழும் கடைக்கு அதனால் என்ன பயன்? சம்பள ஆதரவு 2020 செப்டம்பரில் 50 விழுக்காடானது, 2021 ஏப்ரலில் 30, அதற்குப் பிறகு 10. தடுப்பூசி போட்டவர்களுக்கான சிறப்புப் பயண ஏற்பாட்டில் இந்தியா சேர்ந்ததோ 2021 நவம்பர் 29இல். வெளிநாட்டுப் பயணம் மட்டுமே விற்பவர்களுக்கு அந்த இடைவெளியைத் தாங்கும் தனி உதவி இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாடிக்கையாளர் கட்டிய முன்பணத்தை உங்கள் வருமானமாக எண்ணிச் செலவழிக்காதீர்கள், அதற்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். 2020 ஏப்ரலில் வந்த கொவிட்-19 தற்காலிக நடவடிக்கைச் சட்டம், கிருமிப்பரவலால் நிறைவேற்ற முடியாத சுற்றுலா ஒப்பந்தங்களில் வைப்புத்தொகையை நினைத்தபடி பறிமுதல் செய்ய விடவில்லை.

இந்த மாதமே பிஸ்ஃபைல் என்ற வணிகப் பதிவு இணையத்தளத்தில் உங்கள் தொழில் வகைக் குறியீடு நீங்கள் உண்மையில் செய்யும் தொழிலோடு பொருந்துகிறதா பாருங்கள். ஊழியர் வாங்கும் முழுச் சம்பளத்துக்கும் சேம நிதி கட்டுங்கள். தணிக்கை செய்த கணக்கை, உரிமம் தரும் பயணத்துறைக் கழகத்துக்குத் தவணைக்குள் அனுப்புங்கள், அனுப்பாததால் உரிமம் பறிபோனவர்கள் இருக்கிறார்கள், உரிமம் போனால் இப்படிப்பட்ட உதவிக்கு உங்கள் பெயரே பட்டியலில் இருக்காது.