சி.டி.4 அணுக்கள் குறைந்தால் பிரஷர் ஏறாதா?

எச்.ஐ.வி.க்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் கர்ப்பிணிகளிடமிருந்து வரும் ஒரு கேள்வி: "மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் பிரஷர் வந்தது. நிறுத்திவிட்டால் இறங்குமா?" கூடாது, ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. ஆனால் கேள்வி அசட்டுத்தனமானது அல்ல. அதற்குள் அருமையான அறிவியல் இருக்கிறது.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடலாம். கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு, 4 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்தும் ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல். கூடவே சிறுநீரில் 24 மணி நேரத்தில் 300 மி.கி. புரதம், அல்லது கல்லீரல், சிறுநீரகம், பிளேட்லெட் ஏதாவதொன்றில் கோளாறு. இதுதான் ப்ரீ-எக்ளாம்ப்சியா. முற்றினால் வலிப்பு. பழைய வழக்கில் 'பிரசவ ஜன்னி' என்பார்கள். பேய் அடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் உயிரைப் பறிகொடுத்த குடும்பங்கள் உண்டு.

2002-இல் லண்டன் மருத்துவர்கள் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு இது. எச்.ஐ.வி. உள்ள 214 கர்ப்பிணிகளைத் தொற்று இல்லாத 214 பேரோடு ஒப்பிட்டார்கள். எச்.ஐ.வி. மருந்தே எடுக்காத 61 பேரில் ஒருவருக்கும் ப்ரீ-எக்ளாம்ப்சியா வரவில்லை. மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சையில் இருந்த 76 பேரில் 8 பேருக்கு வந்தது. நோயெதிர்ப்பு படுத்துக் கிடந்தபோது வராதது, அது எழுந்து நின்றதும் வந்திருக்கிறது. அப்படியானால் இந்த நோய் வருவதற்கே ஆரோக்கியமான எதிர்ப்புப் படை வேண்டுமோ?

நஞ்சுக்கொடியின் அணுக்கள் கர்ப்பப்பையின் சுருள் தமனிகளுக்குள் புகுந்து, அவற்றின் தசைச் சுவரைக் கரைத்து, குறுகலான குழாயை வாய் அகன்ற புனலாக்க வேண்டும். இந்த வேலை அரைகுறையாக நின்றால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. பட்டினி கிடக்கும் நஞ்சுக்கொடி எஸ்.எஃப்.எல்.டி-1 என்ற புரதத்தைத் தாயின் ரத்தத்தில் கொட்டுகிறது. ரத்தக் குழாயின் உள்சுவரைப் பேணும் வளர்ச்சிக் காரணியை அது வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. உள்சுவர் வாடினால் குழாய் இறுகும், சிறுநீரக வடிகட்டி ஒழுகும். 2003-இல் இதை எலிகளில் காட்டிய குழுவை நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த அனந்த் கருமாஞ்சி. அந்தப் புரதத்தின் மரபணுவை எலிக்குள் கொண்டுபோக அவர்கள் பயன்படுத்திய வாகனமும் ஒரு வைரஸ்தான், அடினோவைரஸ்.

எதிர்ப்புப் படையை ஏவிவிடும் வெள்ளணுக்களான சி.டி.4 அணுக்கள் இதில் எங்கே வருகின்றன? எலியின் கர்ப்பகாலம் சுமார் 21 நாள். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆய்வகம் ஒன்றில் அதன் 14-ஆம் நாளில் அறுவை செய்கிறார்கள். சிறுநீரகத்துக்குக் கீழே பெருந்தமனியில் 0.203 மி.மீ. இடைவெளி விடும் ஒரு வெள்ளிக் கிளிப், சினைப்பைத் தமனிகளில் 0.1 மி.மீ. கிளிப்புகள். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் குறைகிறது, எலிக்கு பிரஷர் ஏறுகிறது. பிறகு அந்த எலியின் மண்ணீரலிலிருந்து சி.டி.4 அணுக்களைப் பிரித்து, கிளிப் போடாத, ஆரோக்கியமான இன்னொரு கர்ப்பிணி எலிக்குச் செலுத்துகிறார்கள். அதற்கும் பிரஷர் ஏறுகிறது! சாதாரணக் கர்ப்பிணி எலியின் சி.டி.4 அணுக்களைச் செலுத்தினால் ஏறுவதில்லை. பட்டினியால் வந்த கோபத்தை அணுக்கள் சுமந்துபோகின்றன. அவை அழற்சிப் புரதங்களைச் சுரக்கின்றன. பி அணுக்களைத் தூண்டி ஒரு விசித்திர எதிர்ப்புரதத்தையும் (ஆன்டிபாடி) செய்யவைக்கின்றன. அந்த எதிர்ப்புரதம், ரத்தக் குழாயைச் சுருங்கச் சொல்லும் ஆஞ்சியோடென்சின் ஹார்மோனுக்கான ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அழைப்பு மணியில் வைத்த விரலை எடுக்காத பிள்ளை மாதிரி. குழாய்கள் சுருங்கிக்கொண்டே இருக்கும்.

எச்.ஐ.வி. தாக்குவதோ இதே சி.டி.4 அணுக்களைத்தான். லண்டன் கணக்கோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் கச்சிதத்தைக் கண்டு மயங்க வேண்டாம். 61 என்பது சிறிய எண். பின்னால் வந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2008-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசலில் எச்.ஐ.வி.க்குத் தெளிவான தொடர்பு தென்படவில்லை. சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கும் ஈறு நோய்க்கும்தான் தென்பட்டது. மருந்துச் சோதனைகளிலிருந்து கர்ப்பிணிகளைக் காலங்காலமாக விலக்கி வைத்ததன் பலன் இந்தக் குழப்பம் என்பது என் கருத்து. பாதுகாப்பு என்ற பெயரில் அவர்களைப் பற்றிய அறிவையே தள்ளிப்போட்டோம்.

மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? சிகிச்சையே இல்லாவிட்டால் குழந்தைக்குத் தொற்று போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். ஒழுங்கான சிகிச்சையில் 5-க்கும் கீழே. பிரஷருக்கு லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா இருக்கின்றன.

கவனம் தேவைப்படும் இடங்கள் வேறு. டி.எல்.டி. என்ற மூன்று மருந்துக் கூட்டு எச்.ஐ.வி. மாத்திரையில் உள்ள டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரில் புரதத்தை ஒழுகவிடும். முதல் மூன்று மாதத்திலேயே சிறுநீர்ப் புரதமும், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினினும் பார்த்து எழுதி வைக்காவிட்டால், 30-ஆவது வாரத்தில் தெரியும் புரதம் மருந்தாலா நோயாலா என்று மருத்துவர் திணறுவார். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கல்லீரல் என்சைம்களையும் அப்படியே முதலில் பார்த்து வைக்க வேண்டும்.

இன்னொன்று கால்சியம். அரசுத் திட்டத்தில் 14-ஆவது வாரம் முதல் 500 மி.கி. வீதம் தினம் இரண்டு. டி.எல்.டி.யில் உள்ள டொலுடெக்ராவிர் உலோக அயனியைக் கவ்வித்தான் வைரஸின் என்சைமை முடக்குகிறது. வெறும் வயிற்றில் கால்சியமோ இரும்போ சேர்ந்து வந்தால் குடலிலேயே அவற்றைக் கவ்விக்கொண்டு ரத்தத்தில் ஏறாமல் போய்விடும். ஆகவே டி.எல்.டி.யை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம். காலை 6 மணிக்கு டி.எல்.டி., எட்டரைக்குச் சிற்றுண்டி முடிந்து கால்சியம், மதியம் இரும்பு, இரவு சாப்பாட்டுக்குப் பின் இரண்டாவது கால்சியம் என்று வைத்துக்கொண்டால் மூன்றும் மோதாது.

முன்பு ப்ரீ-எக்ளாம்ப்சியா வந்தவர்கள், இரட்டைக் கர்ப்பம், சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்கள் 16 வாரத்துக்குள் ஆஸ்பிரின் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். 2017-இல் வந்த சோதனையில் இரவில் 150 மி.கி. எடுத்தபோது, 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்கவைத்த வகை 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. பிரஷர் பார்க்கும்போது 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, பட்டை இதய மட்டத்தில் இருக்கட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும்.