படத்தை அனுப்புமுன் கையில் ஒரு தாள் இருக்கட்டும்

சென்ற மாதம் பாளையங்கோட்டையில் என்னிடம் ஓவியம் பயிலும் மாணவி ஒருத்தி தன் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய கைப்பேசிக்கு ஓர் அழைப்பிதழ் வந்திருந்தது. பெருநகர் ஒன்றில் சர்வதேச ஓவியக் கண்காட்சி. கட்டணம் ஐயாயிரம் ரூபாய். கலந்துகொள்ளும் எல்லோருக்கும் சான்றிதழும் பதக்கமும் உண்டு. "கட்டிவிடட்டுமா, சார்?" என்று கேட்டார் அப்பா. கடன் வாங்கித்தான் கட்டப்போகிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. வேண்டாம் என்றேன். ஏன் என்று அவருக்குச் சொன்னதை, பிள்ளைகளை ஓவியம் படிக்க வைத்திருக்கும் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படி ஒரு கண்காட்சிக்குப் பணம் கட்டி, நான்கு நீர்வண்ண ஓவியங்களைப் பார்சலில் அனுப்பினேன். திரும்பி வந்தவை மூன்று. அதில் ஒன்றின் கண்ணாடி உடைந்து, சில்லு தாளைக் கீறியிருந்தது. படத்தில் இருந்த குறுக்குத்துறை ஆற்றின் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கீறல். நான்காவது படத்தைக் கேட்டபோது, "மூன்றுதானே வந்தது" என்றார்கள். கட்டணம் கட்டியதற்கு என்னிடம் ரசீது இருந்தது. படங்களை ஒப்படைத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அன்றிலிருந்து தாள் இல்லாமல் ஒரு படமும் என் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. படத்தின் தலைப்பு, அளவு, வரைந்த ஆண்டு, விலை; விற்றால் அவர்களுக்கு எத்தனை சதவீதம், என் பங்கு எத்தனை நாளில் வரும்; போக வர லாரி வாடகை யாருடையது, சேதமானால் யார் பொறுப்பு, படம் எந்தத் தேதியில் திரும்பும். இவ்வளவையும் எழுதி, வாங்கிக்கொண்டவரின் கையெழுத்தோடு ஒரு படி நம்மிடம் இருக்க வேண்டும். விற்ற விலையில் கேலரிகள் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ எடுத்துக்கொள்வது வழக்கம்தான்; அதில் தவறில்லை. விற்றுத் தர முயலாமல், கலைஞர்கள் கட்டும் பணத்திலேயே நடக்கும் கண்காட்சியைத்தான் சந்தேகிக்க வேண்டும். இன்னொன்று: வெளியூருக்கு அனுப்பும் படத்துக்குக் கண்ணாடி போடாதீர்கள், அக்ரிலிக் தகடு போடுங்கள்.

உரிமை பற்றியும் பலருக்குத் தெரிவதில்லை. படத்தை விற்றாலும் அதை அச்சிடும் உரிமை வரைந்தவரிடமே இருக்கும். எழுத்து மூலம் கொடுத்தால்தான் கைமாறும். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து, தனக்கென்று வரையச் சொன்ன படமாக இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் உரிமை அவருக்கே போகும் என்கிறது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். கல்யாண மண்டபத்துக்கும் ஜவுளிக்கடைக்கும் வரைந்து கொடுக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரிய சந்தைகளுக்குப் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள், முதலில் பார்ப்பதற்காகப் போங்கள். டெல்லியில் 2008இல் தொடங்கிய இந்தியா ஆர்ட் ஃபேரில் பெரும்பாலும் கேலரிகள்தான் அரங்கு எடுக்கின்றன. அங்கே விற்பனை மும்முரத்தில் இருப்பவர்களிடம் நம் படங்களை நீட்டினால் பார்க்க நேரம் இருக்காது. மனம் உடைந்துதான் திரும்புவோம். அதற்குப் பதிலாக, படத்துக்கும் படத்துக்கும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், விளக்கு எந்தப் பக்கம் இருந்து விழுகிறது, பெயர்ச்சீட்டில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று நோட்டில் குறித்து வாருங்கள். பெங்களூருவின் சித்ர சந்தை வேறு மாதிரி. ஆண்டுதோறும், பெரும்பாலும் ஜனவரி ஞாயிறு ஒன்றில், குமாரகிருபா சாலை ஓரத்தில் கலைஞர்களே உட்கார்ந்து விற்கிறார்கள். 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி முசிறிஸ் பினாலே, பொதுவாக இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி; அது விற்பனைக்கானதே அல்ல, பார்ப்பதற்கு மட்டும். திருநெல்வேலியில் பாலருவி ரயிலில் இரவு ஏறினால் காலையில் எறணாகுளம். அந்த ஐயாயிரத்தில் தகப்பனும் மகளும் கொச்சிக்குப் போய், இரண்டு நாள் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

உள்ளூர்க் கண்காட்சியை யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். நான் பெற்ற மிக நல்ல விமரிசனம் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூட ஹால் ஒன்றில் கிடைத்தது. தாமிரபரணிப் படித்துறையை வரைந்து மாட்டியிருந்தேன். மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்த பெரியவர் ஒருவர், தோளில் ஈரத் துண்டோடு அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். "தம்பி, இந்தப் பாசி இவ்வளவு மேலே ஏறாது. தண்ணீர் வந்து வந்து தொடுகிற படியில்தான் பிடிக்கும். மேல்படி காய்ந்து வெளுத்துக் கிடக்கும்" என்றார். மறுநாள் விடியற்காலையில் ஆற்றுக்குப் போய்ப் பார்த்தேன். பச்சை ஒரு படியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் சாம்பல் நிறக் கல். பச்சை அழகாக இருந்தது என்பதற்காக மூன்று படிகளுக்கு அதைப் பூசியிருந்தேன். எந்தப் பதக்கமும் எனக்கு இதைச் சொல்லியிருக்காது.

டெல்லிக்கும் கொச்சிக்கும் முன்னால் பார்க்க வேண்டியது நம் பக்கத்திலேயே இருக்கிறது. கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் திருப்புடைமருதூரில், நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்ளே ஐந்து நிலைகளிலும் நாயக்கர் காலத்துச் சுவரோவியங்கள் இருக்கின்றன, மரச்சிற்பங்களும் இருக்கின்றன. குதிரைகளை ஏற்றி வரும் கப்பல் ஒன்றும் அங்கே உண்டு.

அப்பா பணம் கட்டவில்லை. அடுத்த ஞாயிறு, கோயிலில் அனுமதி கேட்டு, மூவரும் கோபுரத்தின் மேலே ஏறினோம். சுவரைத் தொடாமல் எட்ட நின்று அவர் டார்ச்சைப் பிடித்திருந்தார். அவள் கப்பலின் முன்னால் நின்று, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குதிரைகளின் கழுத்துக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் காற்றில் வரைந்துகொண்டிருந்தாள். "அப்பா, கொஞ்சம் இடப்பக்கம் காட்டுங்கள்" என்றாள். டார்ச் நகர்ந்தது.