ஃபிளாஷ் எந்தக் கணத்தில் அடிக்க வேண்டும்?

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழ்க் கல்யாணங்களைப் படமெடுக்கும் இளைஞர்கள் என்னிடம் காட்டும் படங்களில், கேமராவாலும் லென்ஸாலும் கெட்டவை குறைவு. ஃபிளாஷின் சிங்க் முறையை, அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஃபிளாஷ் எப்போது அடிக்க வேண்டும் என்ற அமைப்பை, கவனிக்காமல் விட்டதால் கெட்டவைதான் அதிகம். முதல் நாள் வரவேற்புக்கு வைத்த அமைப்பு மறுநாள் முகூர்த்தத்திலும் மாறாமல் இருக்கும். வரவேற்பில் ஒரு படம் போனால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். தாலி கட்டுவதைத் திரும்பச் செய்யச் சொல்ல முடியுமா?

ஷட்டர் என்பது இரண்டு திரைகள். முதல் திரை விலகும்போது சென்சாரில் ஒளி விழத் தொடங்குகிறது. இரண்டாவது வந்து மூடுகிறது. ஃபிளாஷின் ஒளி, முழுச் சக்தியில்கூட, நொடியில் சில நூறில் ஒரு பங்கு முதல் ஆயிரத்தில் ஒரு பங்கு வரைதான் நீடிக்கும். சென்சார் முழுவதும் திறந்திருக்கும்போது அது அடித்தால்தான் படம் முழுவதும் வெளிச்சம் பரவும். பெரும்பாலான கேமராக்களில் அதற்கான எல்லை 1/200 அல்லது 1/250 நொடி. அதைத் தாண்டினால் முதல் திரை முழுக்க விலகும் முன்பே இரண்டாவது கிளம்பிவிடும். சென்சாரின் மேல் ஒரு கீற்றுதான் நகர்ந்து செல்லும். "அண்ணா, படத்தில் பாதி கறுப்பாக வருகிறதே, ஃபிளாஷ் பழுதா?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது, தள்ளி வைத்த ஃபிளாஷை அடிக்க வைக்கும் டிரிகரைத்தான். கேமராவுக்கு ஏற்ற ஃபிளாஷ் மேலே பொருத்தியிருந்தால் கேமராவே வேகத்தை எல்லைக்குள் நிறுத்திவிடும். எளிய ரேடியோ டிரிகர் போட்டால் பல கேமராக்களுக்கு ஃபிளாஷ் இருப்பதே தெரியாது; 1/500 வைத்தால் 1/500-இலேயே எடுத்துவிடும்.

முகூர்த்தத்துக்கு வருகிறேன். இங்கே ஃபிரண்ட் கர்ட்டன், அதாவது முதல் திரை விலகியதுமே ஃபிளாஷ் அடிக்கும் முறை, தவிர வேறெதுவும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கண் சிவப்பாகப் பதிவதைத் தவிர்க்கும் ரெட் ஐ முறையை அணைத்துவிடுங்கள். கண்மணியைச் சுருங்க வைப்பதற்காக அது முன்கூட்டி ஒரு விளக்கை எரியவிடும். படம் பதிவாகச் சுமார் ஒரு நொடி தாமதமாகும். கெட்டிமேளம் கொட்டி, மாப்பிள்ளையின் கை மணப்பெண்ணின் கழுத்தருகே போகும் கணத்தில் பொத்தானை அழுத்தினால், பதிவாவது அட்சதை மறைத்த முகமாகவோ குறுக்கே நீண்ட நாத்தனாரின் கையாகவோ இருக்கும். ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பதால்தான் கண் சிவக்கிறது; அதைக் கூரையை நோக்கித் திருப்பினாலோ கேமராவிலிருந்து விலக்கிப் பிடித்தாலோ அந்தச் சிக்கலே எழாது. ஆனால் மண்டபத்தின் மேலே சிவப்புத் துணி கட்டியிருந்தால் எல்லோர் முகமும் சிவந்துவிடும். அப்போது வெள்ளைச் சுவரைத் தேடுங்கள்.

வேகத்தையும் 1/160-க்குக் கீழே இறக்காதீர்கள். வீடியோ எடுப்பவரின் எல்இடி விளக்கு பக்கத்திலேயே எரிந்துகொண்டிருக்கும். 1/30-இல் எடுத்தால் ஃபிளாஷ் ஒரு உருவத்தைப் பதிக்கும், அந்த விளக்கு சற்று நகர்ந்த இன்னொரு உருவத்தைப் பதிக்கும். மாலை மாற்றும்போது மாமன்மார் தூக்கிக் குலுக்கும் வேகத்தில், மணப்பெண்ணுக்கு இரண்டு மூக்குத்தி இருப்பதுபோலத் தெரியும்.

இரண்டாவது திரை மூடும் முன் ஃபிளாஷ் அடிக்கும் ரியர் கர்ட்டன் அழகானது. அதன் இடம் ஊஞ்சல். 1/15 நொடியில், ஊஞ்சல் பக்கவாட்டில் நம் முன்னே கடந்து போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரண்ட் கர்ட்டனில் ஃபிளாஷ் தொடக்கத்திலேயே அடித்துவிடும். அதன் பின் மண்டப வெளிச்சத்தில் பதியும் மங்கலான தடம் மணமக்களுக்கு முன்னால் நீளும். ஊஞ்சல் பின்னோக்கிப் போவதுபோல் தோன்றும். ரியர் கர்ட்டனில் ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன் ஃபிளாஷ் அடிப்பதால் தடம் பின்னால் விழும். கண் எதிர்பார்ப்பது அதைத்தான். தவில் வாசிப்பவரின் கைக்கும் இது பொருந்தும். ஆனால் 1/4 நொடி வைத்தால், நீங்கள் பார்த்து அழுத்திய கணம் வேறு, ஃபிளாஷ் பதிக்கும் கணம் வேறு. ஃபிளாஷின் அளவைக் கேமராவே முடிவு செய்யும் டிடிஎல் முறையில், அளவு பார்ப்பதற்காக முதலில் ஒரு சிறு ஃபிளாஷும் அடிக்கும். அதைக் கண்டு படம் முடிந்தது என்று நினைத்து ஆட்கள் அசைந்துவிடுவார்கள். 1/200-இல் இரண்டு முறைக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை.

வரவேற்பு மேடையின் அலங்கார விளக்குகளும் படத்தில் தெரிய வேண்டுமானால் ஸ்லோ சிங்க், அதாவது ஃபிளாஷோடு ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும் முறை. லென்ஸின் திறப்பை நாம் வைக்க, வேகத்தைக் கேமரா தேர்ந்தெடுக்கும் அப்பர்ச்சர் முன்னுரிமையில் பல கேனான் கேமராக்கள் இதைத் தானே செய்யும். நிகானில் நாம் தேர்ந்தெடுக்காவிட்டால் வேகம் 1/60-க்குக் கீழே இறங்காது, பின்னணி இருண்டுவிடும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. 1/50 வைத்தால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறாது.

1/200, 1/250 எல்லையைத் தாண்டிய வேகத்திலும் ஃபிளாஷைப் பயன்படுத்த உதவும் ஹை ஸ்பீடு சிங்க் பற்றித்தான் தவறான நம்பிக்கை அதிகம். தாராவியின் 90 அடி சாலையில் தைப்பொங்கலன்று பெண்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுவார்கள். நல்ல வெயிலில், பின்னணி தெளிவில்லாமல் மங்கலாக வர லென்ஸை அகலத் திறந்து, ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8 என்றால் 1/3200 நொடி வேண்டும். அந்த வேகத்தில் கீற்று நகரும் நேரம் முழுவதும் ஃபிளாஷ் விட்டுவிட்டுத் துடித்து ஒளி தர வேண்டியிருப்பதால் அதன் சக்தி பெருமளவு குறைகிறது. சாதாரண முறையில் ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் வெயில் மட்டும் குறையும்; இதில் ஃபிளாஷும் சேர்ந்தே குறையும். எனவே வேகத்தைக் கூட்டிப் பின்னணியை இருட்டாக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஃபிளாஷை ஒரு மீட்டர் அளவுக்கு அருகே கொண்டுபோங்கள், பானையின் ஆவி ஒளியை மறைக்காத பக்கத்தில். அடுத்தடுத்து அடித்தால் ஃபிளாஷ் சூடேறும், இடைவெளி கொடுங்கள். நான் லென்ஸின் முன்னால் நாலு ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கும் கண்ணாடி) போட்டு 1/200-இலேயே எடுப்பதையே விரும்புகிறேன். எஃப் 2.8 மாறாததால் பின்னணி அப்போதும் தெளிவில்லாமல் மங்கலாகவே வரும். ஃபிளாஷும் சாதாரண முறையிலேயே வேலை செய்யும்.

திரைகள் நகராமல் சத்தமின்றி எடுக்கும் சைலன்ட் ஷட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுவதால் பெரும்பாலான கேமராக்களில் அப்போது ஃபிளாஷ் அடிக்கவே அடிக்காது. சென்சார் முழுவதையும் ஒரே நேரத்தில் படிக்கும் குளோபல் ஷட்டருடன் சோனி 2023-இல் அறிவித்த ஏ9 III போன்றவை விதிவிலக்கு. மற்ற கேமராக்கள் வைத்திருப்பவர்கள், மந்திரம் சொல்லும் நேரத்தில் சத்தம் வேண்டாமென்று அதைப் போட்டிருந்தால், கெட்டிமேளத்துக்கு முன் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிவிட்டு, ஒரு படம் எடுத்துத் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள்.