வயிற்றுப் பிடிப்புக்கு மாத்திரை போடும் முன்

மருந்தியல் ஆய்வகத்தில் முயல் சிறுகுடலின் 2 செ.மீ. துண்டை 37 டிகிரி சூட்டில் டைரோடு கரைசலில் (உடல் திரவத்தை ஒத்த உப்புக் கரைசல்) தொங்கவிட்டு, ஆக்சிஜன் குமிழ்களைச் செலுத்துவார்கள். மூளையோடு எந்தத் தொடர்பும் இல்லாத அந்தத் துண்டு தானாகவே சுருங்கி விரியும். நரம்புகள் சுரக்கும் அசிடைல்கோலினை விட்டால் சுருக்கம் பலக்கும், அட்ரினலின் விட்டால் தளரும். அதைத் தடுக்கும் அட்ரோபின் விட்டபின் அசிடைல்கோலின் எடுபடாது. ஆனாலும் துடிப்பு ஓடிக்கொண்டேயிருக்கும். கரைசலில் கால்சியம் இல்லாவிட்டால்தான் அடங்கும்.

இந்தத் தாளத்தைக் கிளப்புபவை குடல் சுவரில் இருக்கும் கஹால் செல்கள். மனித இரைப்பையில் நிமிடத்துக்குச் சுமார் 3 மின் அலைகள், முன்சிறுகுடலில் சுமார் 12, சிறுகுடலின் கடைசியில் 8 போல. அலை வந்தாலே குடல் பலமாகச் சுருங்கிவிடாது. நரம்பு தரும் அசிடைல்கோலின் அலையின் உச்சியை உயர்த்த வேண்டும். அப்போது கால்சியம் உள்ளே பாய்ந்து மென்தசை இறுகும். டைசைக்ளோமின், ஹயோசின் பியூட்டைல்புரோமைடு போன்ற பிடிப்பு மாத்திரைகள் முக்கியமாகத் தடுப்பது இந்த உந்துதலைத்தான். தாளம் அப்படியே இருக்கும், சுருக்கத்தின் வலு மட்டும் குறையும்.

இங்கேதான் கவனம் வேண்டும். குடலில் அடைப்பு இருந்தால் மென்தசை அதை எதிர்த்துத் தள்ளும். அதனால்தான் வலி அலை அலையாக, விட்டு விட்டு வருகிறது. மாத்திரை வலியை மழுப்பிவிடும், அடைப்பு அடைப்பாகவே இருக்கும். வயிறு உப்பி, வாயுவும் மலமும் பிரியாமல், வாந்தியும் சேர்ந்திருந்தால் மாத்திரையைத் தொடவே வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள். விட்டு விட்டு வந்த வலி விடாத வலியாக மாறினாலும் அப்படியே.

அசிடைல்கோலின் குடலில் மட்டும் வேலை செய்வதில்லை; அதைத் தடுக்கும் இந்த மாத்திரைகளும் அப்படித்தான். ஆகவே கண் அழுத்த நோய் (குறிப்பாகக் குறுங்கோண வகை) இருப்பவருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறலாம். புராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீர் கட்டிக்கொள்ளலாம். தூக்கம் வரவழைக்கும் பழைய சளி மாத்திரைகளுக்கும் மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டைலினுக்கும் இதே குணம் உண்டு. சேர்த்துப் போட்டால் வயதானவர்களுக்கு மனக்குழப்பம் வரை போகும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு டைசைக்ளோமின் சொட்டு மருந்து கொடுக்கவே கூடாது. மூச்சு நின்றுபோன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. பாலூட்டும் தாய்க்கும் ஆகாது.

பேதியை நிறுத்தும் லோபெராமைடு வேறு வழியில் குடல் நரம்பை அடக்குகிறது. பெரியவர்களுக்கு முதலில் 4 மி.கி., பிறகு ஒவ்வொரு தண்ணீர்ப் பேதிக்கும் 2 மி.கி.; மருத்துவர் சொல்லாமல் நாளொன்றுக்கு 8 மி.கி. தாண்டக் கூடாது. அளவு மிகவும் மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். மலத்தில் ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் வேண்டாம், கிருமியும் நச்சும் உள்ளேயே தங்கிவிடும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அறவே கூடாது. குழந்தைகளுக்கு உப்பு சர்க்கரைக் கரைசல்தான் முதல் மருந்து.

குடலைத் தூண்டும் வாந்தி மருந்தான மெட்டோகுளோபிரமைடையும் மலமிளக்கி மாத்திரைகளையும் அடைப்புச் சந்தேகத்தில் தொடாதீர்கள். அடைபட்ட குடலை மேலும் முறுக்கினால் கிழியும் அபாயம் இருக்கிறது.

ஏற்கெனவே பிடிப்பு மாத்திரை போட்டிருந்தால் அதன் பெயரையும் போட்ட நேரத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வறண்ட நாக்கு, வேகமான நாடி, விரிந்த கண்மணி, அடங்கிய குடல் சத்தம் எல்லாம் நோயாலும் வரலாம், அந்த மாத்திரையாலும் வரலாம்.