தலைப்பின் வரிகள் ஏன் இடித்துக்கொள்கின்றன?

தமிழ் இணையப் பக்கங்களில் இப்படி ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். பத்திகள் எல்லாம் ஒழுங்காக இருக்கும். தலைப்பு மட்டும் நீண்டு இரண்டாம் வரிக்கு இறங்கியதும், மேல்வரியில் உள்ள ‘நூ’வின் வால் கீழ்வரியில் உள்ள ‘தீ’யின் சுழியில் போய் இடிக்கும். தலைப்பை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கோளாறு பல அடுக்குகளுக்கு மேலே, பக்கத்தின் வேரில் இருக்கும்.

இணையப் பக்கங்களை எழுதும் மொழி எச்டிஎம்எல். அதில் எழுதிய ஆவணம் ஒரு வம்சாவளி மரம். பக்கத்துக்குள் பகுதி, பகுதிக்குள் பத்தி, பத்திக்குள் ஒரு சொல் என்று தாய் உறுப்பும் பிள்ளை உறுப்புமாக இறங்கிக்கொண்டே போகும். ஹோகன் வியூம் லீ 1994 அக்டோபரில் சேர்ன் ஆய்வகத்தில் இருந்தபடி முன்மொழிந்து, பிறகு பெர்ட் போஸுடன் சேர்ந்து வளர்த்து, 1996 டிசம்பரில் தரநிலையான சிஎஸ்எஸ், அதாவது பக்கத்தின் தோற்றத்துக்கு விதி எழுதும் மொழி, இந்த மரத்தைப் பயன்படுத்திக்கொண்டது. எழுத்துருவை உச்சியில் ஒருமுறை சொன்னால் போதும், அது கீழே வரை இறங்கும்.

எல்லாமே இறங்குவதில்லை. எழுத்துரு, எழுத்தின் நிறம், வரி உயரம் இவையெல்லாம் பூர்வீகச் சொத்து. கரைக்கோடு, ஓர வெளி, அகலம் போன்றவை அவரவர் சுயசம்பாத்தியம். காரணம் எளிது. ஒரு பெட்டியைச் சுற்றிக் கோடு போட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பத்தியையும் ஒவ்வொரு சொல்லையும் சுற்றிக் கோடு விழுவதை யார் கேட்டார்கள்?

சிக்கல் பூர்வீகச் சொத்தில்தான். தாய் எழுதிவைத்த விதி பிள்ளைக்கு வருகிறதா, அல்லது அந்த விதியைக் கணக்கிட்டு வந்த விடையா? சிஎஸ்எஸ் பெரும்பாலும் விடையைத்தான் கொடுக்கிறது. பக்கத்தின் எழுத்து 16 பிக்சல், வரி உயரம் 150 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உலாவி உடனே பெருக்கி 24 பிக்சல் என்று முடித்துவிடும். கீழே போவது அந்த 24தான், சதவீதம் போகாது. 32 பிக்சல் தலைப்புக்கும் அதே 24 வந்து சேரும். எழுத்தைவிட வரி குட்டை! ஆங்கிலத் தலைப்புகள் இதைக்கூட ஓரளவு சமாளித்துவிடும். மேலேயும் கீழேயும் குறிகள் நீளும் தமிழ் எழுத்து உடனே மாட்டிக்கொள்ளும்.

சதவீதத்தை எடுத்துவிட்டு வெறுமனே 1.5 என்று எழுதிப் பாருங்கள். அலகில்லாத எண்ணுக்கு மட்டும் சிஎஸ்எஸ் சலுகை தருகிறது: எண் எண்ணாகவே இறங்கும், ஒவ்வொரு உறுப்பும் தன் எழுத்தளவால் பெருக்கிக்கொள்ளும். தலைப்புக்கு 48 பிக்சல் கிடைத்துவிடும். ஒரு குறியீட்டை விட்டதற்கு இவ்வளவு வித்தியாசம் என்பது எனக்கு இன்றும் சரியான வடிவமைப்பாகப் படவில்லை.

இதே கணக்கு பட்டியல்களிலும் விளையாடும். பட்டியல் உருப்படிக்கு எழுத்தளவு 0.8 ஈஎம், அதாவது தாயின் எழுத்தளவில் 0.8 மடங்கு, என்று விதி எழுதி, பட்டியலுக்குள் பட்டியல் போட்டால், 16 பிக்சல் 12.8 ஆகி, 10.24 ஆகி, மூன்றாம் அடுக்கில் சுமார் 8.2க்கு வந்து நிற்கும். அப்புறம் பூதக்கண்ணாடிதான். வேரின் அளவை மட்டுமே பார்க்கும் ரெம் என்ற அலகில் எழுதினால் இந்தத் தேய்மானம் இல்லை.

வாரிசாக வந்ததற்கு அதிகாரமும் கிடையாது. உச்சியில் எவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருந்தாலும், பிள்ளையை நேரடியாகக் குறிக்கும் ஒரு சாதாரண விதி அதைத் தள்ளிவிடும். அந்த விதி உலாவியின் சொந்த விதியாக இருந்தாலும் அப்படித்தான். பக்கம் முழுக்க அழகான தமிழ் எழுத்துரு இருக்க, பொத்தானும் தேடல் பெட்டியும் மட்டும் வேறு எழுத்துருவில் முறைத்துக்கொண்டு நிற்பது இதனால்தான். தாயிடமிருந்து வாங்கிக்கொள் என்று அவற்றுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

மைக்ரோசாப்ட் வேர்டின் குடும்ப வழக்கமே வேறு. அங்கே எழுத்துரு, அளவு, ஓர வெளி போன்றவற்றைச் சேர்த்துப் பெயரிட்டு வைத்த தொகுப்புக்கு ஸ்டைல் என்று பெயர்; முதன்மையான உறவு ஸ்டைலுக்கும் ஸ்டைலுக்கும் இடையில். ‘மேற்கோள்’ என்று ஒரு ஸ்டைலை, வேர்டின் இயல்பான ஸ்டைலான நார்மலின் அடிப்படையில் உருவாக்கி, ஓர வெளியை மட்டும் மாற்றினால், நார்மலை 11 புள்ளியிலிருந்து 12 ஆக்கும்போது மேற்கோளும் கூடவே வளரும். வேடிக்கை தடித்த எழுத்தில் இருக்கிறது. பத்திக்கான ஸ்டைலும் தடிப்பு, அதற்குள் ஒரு சொல்லுக்குப் போட்ட எழுத்து ஸ்டைலும் தடிப்பு என்றால், வேர்ட் இரண்டையும் கழித்து அந்தச் சொல்லைச் சாதாரண எழுத்தாகக் காட்டும். எல்லாம் தடித்திருக்கும் இடத்தில் ஒரு சொல் தனித்துத் தெரிய வேறு வழியில்லை அல்லவா! சிஎஸ்எஸில் தடிப்பு என்று இரண்டு முறை சொன்னாலும் தடிப்புதான்.